வளவுக்குள் ஒரு மைதானம்

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காரைக்குடியில் உடற்கல்வி ஆசிரியர் நான். கணக்கும் அறிவியலும் ஜூமில் நடந்தன. ஓட்டத்தையும் தாண்டுதலையும் போனில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? எல்லாரையும் போல உடற்பயிற்சி வீடியோக்களை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். “முடிச்சிட்டேன் சார்” என்று பதில்கள் வந்தன.

அது பாடம் இல்லை என்று எனக்குப் புரியவைத்தவன் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன். வீடியோ அழைப்பில் குதித்துக்கொண்டிருந்தான். எனக்குத் தெரிந்தது மேலும் கீழும் போய்வரும் தலை மட்டும். ஆனால் ஒவ்வொரு தடவையும் ‘தொப், தொப்’ என்று சத்தம். “தம்பி, போனைக் கொஞ்சம் தள்ளி வை, உன் காலைப் பார்க்கணும்” என்றேன். அவன் அப்பத்தா போனை ஒரு செம்பில் சாய்த்து வளவின், அதாவது வீட்டு உள்முற்றத்தின், ஓரமாக வைத்தார்.

அப்புறம்தான் தெரிந்தது. முழங்காலை மடக்காமல், விறைப்பாக, முழுப் பாதமும் தரையில் அறைய இறங்குகிறான். அதிர்ச்சி முழுக்க மூட்டுக்கும் முதுகுக்கும் போகும். காலில் சாக்ஸ் வேறு. தரையோ ஆத்தங்குடிக் கல். கண்ணாடி மேல் கலவையை ஊற்றி வார்க்கிற கல், அதனால்தான் அவ்வளவு வழவழப்பு. சாக்ஸைக் கழற்றச் சொன்னேன். “முன்பாதம் முதலில் படட்டும், முழங்கால் மடங்கட்டும். சத்தம் எனக்குக் கேட்கக் கூடாது” என்றேன். பத்து நிமிடத்தில் சத்தம் பாதியாகக் குறைந்தது. அன்றைய பாடம் அவ்வளவுதான், ஆனால் அது உண்மையான பாடம்.

மழை விடுமுறையோ நீண்ட காய்ச்சல் விடுப்போ, பிள்ளை வீட்டிலிருந்து படிக்கும் நாள் இன்னும் வரத்தான் செய்கிறது. பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: தலை முதல் கால் வரை தெரியும்படி போனை வையுங்கள். பதிவு செய்தால் ஆசிரியருக்கு மட்டும் அனுப்புங்கள், குழுவில் போட வேண்டாம்.

இன்னொன்று, போனில் குரல் ஒரு நொடி தாமதமாகத்தான் வரும். நான் “ஒன்று, இரண்டு” சொன்னால் ஆளுக்கொரு தாளத்தில் ஆடுவார்கள். அதனால் பிள்ளையையே வாய்விட்டு எண்ணச் சொல்கிறேன். மூச்சு எவ்வளவு வாங்குகிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் வேகம் சரி. பேசவே திணறினால் நிறுத்திவிட வேண்டும்.

5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவ்வளவு நேரமும் போன் முன்னால் நிற்கத் தேவையில்லை. நான் பார்ப்பது பதினைந்து நிமிடம்; மீதி வீட்டுப்பாடம். வளவு இருக்கிற வீட்டில் தூணுக்குத் தூண் தொட்டு ஓடலாம், தரை ஈரமாக இல்லாத நேரமாகப் பார்த்து. ஆனால் என் மாணவர்களில் பாதிப் பேர் லைன் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு வாசலில் சாக்பீஸால் பாண்டிக் கட்டம் போடச் சொல்கிறேன். ஒற்றைக்காலில் தாண்டி, குனிந்து சில்லை எடுத்து, விழாமல் திரும்புகிறார்களே, அதில் கால் வலுவும் சமநிலையும் ஒருசேர வரும். அப்பத்தாக்கள் விதி சொல்லித் தருகிறார்கள், கள்ளாட்டம் ஆடினால் அவர்களே பிடித்தும் விடுகிறார்கள்.