யாத்திராகமமா, புறப்பாடா? 'எக்சோடஸ்': சொல்லும் நிகழ்வும்

செங்கடலின் அடியில் எகிப்திய மன்னன் பார்வோனின் தேர்ச் சக்கரம் கிடைத்துவிட்டது என்று ஒரு வீடியோ வரும். அடுத்த வாரமே, எகிப்தில் எபிரேயர் என்று யாருமே இருந்ததில்லை, எல்லாம் கட்டுக்கதை என்று இன்னொன்று வரும். சக்கரக் கதைக்கு இதுவரை எந்த அகழாய்வும் சான்று தரவில்லை. இரண்டாவது வீடியோவும் பாதி உண்மையைத்தான் சொல்கிறது. எகிப்தில் அடிமைகளாக இருந்த எபிரேயர்கள் மோசேயின் தலைமையில் அந்நாட்டை விட்டு வெளியேறியதாக வேதம் சொல்லும் கதைதான் 'எக்சோடஸ்'. இரண்டு தரப்பும் இந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வேறுவேறு நிகழ்வுகளைப் பற்றி வாதாடுகின்றன. அதனால் முதலில் சொல்லைப் பார்த்துவிடலாம்.

சொல் கிரேக்கம். 'எக்ஸ்' என்றால் வெளியே. 'ஹோடோஸ்' என்றால் வழி. இரண்டும் சேர்ந்து 'எக்சோடோஸ்', அதாவது வெளிச்செல்லுதல். கிரீஸ் நாட்டில் இன்றைக்கும் ரயில் நிலையங்களின் வெளிவாசல் பலகையில் எழுதியிருப்பது இந்தச் சொல்தான். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூதர்கள், இரண்டாம் நூலுக்கு இதைத் தலைப்பாக வைத்தார்கள். எபிரேயத்தில் அந்த நூலின் பெயர் 'ஷெமோத்', அதாவது 'பெயர்கள்'. எகிப்துக்குப் போன யாக்கோபின் பிள்ளைகளுடைய நாமங்களாவன என்று நூல் தொடங்குவதால் வந்த பெயர் அது. எகிப்தை விட்டு வந்த நிகழ்வைக் குறிக்க யூத மரபில் 'யெட்சியாத் மிட்ஸ்ராயிம்' என்ற தொடர் தனியாக உண்டு. 'மிட்ஸ்ராயிம்' என்பது எகிப்து. 'யெட்சியா' என்பது வெளியேறுதல்.

தமிழுக்கு வரும்போது சீர்திருத்த சபையினர் இதை 'யாத்திராகமம்' ஆக்கினார்கள். யாத்திரை, ஆகமம் இரண்டுமே வடசொற்கள். ஆதியாகமம், லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம் என்று ஐந்து நூல்களும் ஒரே வாய்பாட்டில் வந்தன. சைவர்களின் புனித நூற்பெயரான 'ஆகமம்' மோசேயின் நூல்களுக்கும் ஒட்டிக்கொண்டது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ஆகமத்தை எடுத்துவிட்டு 'விடுதலைப் பயணம்' என்று வைத்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 'எக்சோடோஸ்' என்ற சொல்லில் விடுதலையும் இல்லை, பயணமும் இல்லை. அது நூலின் இறையியலைச் சொல்லும் தலைப்பு. சொல்லின் பெயர்ப்பு அல்ல.

யாத்திரை என்றதும் நமக்குக் காசியும் பழனிப் பாதயாத்திரையும் நினைவுக்கு வருகின்றன. அடிமைகள் தப்பியோடிய கதைக்கு இது பொருந்துமா என்று பலர் கேட்பதுண்டு. ஓரளவு பொருந்தத்தான் செய்கிறது. மோசே பார்வோனிடம் முதலில் கேட்டது விடுதலையே அல்ல. வனாந்தரத்தில் மூன்று நாள் வழி போய்ப் பலியிட்டுப் பண்டிகை கொண்டாட அனுமதி. அங்கே பண்டிகைக்கு வரும் எபிரேயச் சொல் 'ஹக்'. இஸ்லாமியர்களின் 'ஹஜ்' இதற்கு உடன்பிறந்த அரபுச் சொல். அதே நூலின் 12ஆம் அதிகாரத்தில் மக்கள் எகிப்திலிருந்து துரத்தப்படுகிறார்கள். 14ஆம் அதிகாரத்தில் அவர்கள் ஓடிப்போய்விட்டதாகப் பார்வோனுக்குச் செய்தி போகிறது. ஆக, போனார்களா, துரத்தப்பட்டார்களா, ஓடினார்களா என்பதில் மூல நூலே ஒரு சொல்லில் நிற்கவில்லை.

சரி, நிலம் என்ன சொல்கிறது?

'இஸ்ரவேல்' என்ற பெயர் எகிப்தில் கிடைத்த ஒரு கல்வெட்டில் இருக்கிறது. 1896இல் அகழாய்வாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி தீபஸில் கண்டெடுத்த, மூன்று மீட்டருக்கு மேல் உயரமான கல் அது. இரண்டாம் ராம்சேஸின் மகன் மெர்நெப்தா, பழைய மன்னன் ஒருவனின் கல்லைத் திருப்பிப் போட்டு அதன் பின்பக்கத்தில் தன் வெற்றிகளை எழுதி வைத்திருக்கிறான். பெரும்பகுதி லிபியப் போர். கடைசியில் கானான் (இன்றைய இஸ்ரேல், பாலஸ்தீனப் பகுதி) பற்றிச் சில வரிகள். அதில் ஒன்று, இஸ்ரவேல் பாழாயிற்று, அதன் வித்து இல்லை என்கிறது. காலம் ஏறத்தாழ கி.மு. 1208. பக்கத்தில் வரும் அஸ்கலோன், கெசேர் போன்ற பெயர்களோடு ஊரைக் காட்டும் குறி இருக்கிறது. இஸ்ரவேலுக்கு மட்டும் மக்களைக் காட்டும் குறி. அந்தக் காலத்தில் கானானில் இஸ்ரவேல் என்றொரு மக்கள் கூட்டம் இருந்தது என்பது இதனால் உறுதி. எகிப்திலிருந்து அவர்கள் வந்தார்களா என்பது பற்றிக் கல்லில் ஒரு எழுத்தும் இல்லை.

வேதம் சொல்லும் எண்ணிக்கையில்தான் பெரிய சிக்கல். ஆண்கள் மட்டும் 6 லட்சம் என்றால் பெண்கள், பிள்ளைகளோடு 20 லட்சம் ஆகிவிடும். அன்றைய எகிப்தின் மக்கள்தொகையே 30 முதல் 40 லட்சம் வரைதான் இருந்திருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். நாட்டில் பாதிப் பேர் எழுந்து போயிருந்தால் வரிக்கணக்கிலாவது அது தெரிந்திருக்கும். அவர்கள் வனாந்தரத்தில் நெடுங்காலம் தங்கியதாகச் சொல்லப்படும் காதேஸ்பர்னேயா என்ற இடத்தை 1976 முதல் 1982 வரை ருடால்ஃப் கோஹன் தோண்டினார். கிடைத்தவை பிற்கால யூத அரசர்களின் கோட்டைகள். மோசே காலத்துக் கூடாரக் கூட்டத்தின் தடம் அங்கே இல்லை. இந்த எண்ணிக்கைக்கு ஒரு விடை சொன்னவரும் பெட்ரிதான். 'எலெப்' என்ற எபிரேயச் சொல்லுக்கு ஆயிரம் என்றும், குடும்பக் குழு என்றும் பொருள் கொள்ளலாம். 600 குழுக்கள் 6 லட்சமாகப் படிக்கப்பட்டிருக்கலாம் என்றார். கெட்டிக்காரத்தனமான விளக்கம். ஆனால் எண்ணாகமத்தில் வரும் கோத்திரக் கூட்டல் கணக்குகளோடு அது ஒத்துவருவதில்லை.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கி.மு. 13ஆம் நூற்றாண்டில் கானான் எகிப்தின் கையில் இருந்தது. அங்குள்ள பெத்சேயான் நகரில் எகிப்தியப் படை முகாம் போட்டிருந்தது. அப்படியென்றால் எகிப்தை விட்டுத் தப்பியவர்கள் போய்ச் சேர்ந்ததும் எகிப்தின் ஆட்சிக்குள்தான். கதை இதைக் கண்டுகொள்ளவே இல்லை.

அதற்காக எல்லாமே கற்பனை என்று சொல்லிவிடவும் முடியாது. அடிமைகள் ராமசேஸ் என்ற நகரைக் கட்டியதாக யாத்திராகமம் முதல் அதிகாரம் சொல்கிறது. நைல் டெல்டாவில் இன்றைய கந்தீர் ஊரின் அடியில் இரண்டாம் ராம்சேஸின் தலைநகரான பி-ராமெசஸ் கிடக்கிறது. அதன் பக்கத்திலுள்ள டெல் எல்-தபாவில் 1966 முதல் தோண்டிய மன்ஃபிரெட் பீடாக், கானானிலிருந்து வந்து குடியேறியவர்களின் வீடுகளையும் கல்லறைகளையும் அடுக்கடுக்காக வெளியே கொண்டுவந்தார். கூலி வேலைக்கும் பஞ்சம் பிழைக்கவும் கானானியர்கள் டெல்டாவுக்கு வந்துபோய்க்கொண்டே இருந்தார்கள். மோசே என்ற பெயரும் ராம்சேஸ், துத்மோசே போன்ற பெயர்களின் பின்பாதியாக வரும் எகிப்தியச் சொல்தான்.

அனஸ்தாசி தொகுப்பு என்ற பழைய எகிப்திய ஆவணங்களில் ஐந்தாம் பாப்பிரஸில் (நாணல்தாள் சுருளில்) ஒரு எல்லை அதிகாரியின் கடிதம் இருக்கிறது. அரண்மனையிலிருந்து இரண்டு அடிமைகள் ஓடிவிட்டார்கள். அதிகாரி துரத்திக்கொண்டு ச்செக்கு கோட்டைக்கு வருகிறார்; அவர்கள் மிக்தோலின் வடக்கு மதிலைத் தாண்டிவிட்டதாகச் செய்தி கிடைக்கிறது. தடத்தைக் கண்டது யார், எந்தக் காவலர், எத்தனை பேரைப் பின்னால் அனுப்பினீர்கள், எல்லாவற்றையும் எழுதுங்கள் என்று பதறுகிறார். ச்செக்குவைப் பலர், எகிப்தை விட்டவர்கள் முதலில் தங்கியதாக வேதம் சொல்லும் சுக்கோத் என்கிறார்கள். மிக்தோலும் 14ஆம் அதிகாரத்தில் வருகிறது. கடிதத்தின் காலம் கி.மு. 13ஆம் நூற்றாண்டின் கடைசி. தப்பியோடிய அடிமைகளும் துரத்திய படையும் அதே வழியில் இருந்திருக்கிறார்கள். ஆனால் இங்கே ஓடியவர்கள் இரண்டே பேர்!

இனி இயற்கை விளக்கங்கள். கிரேக்கத் தீவான தேராவின் எரிமலை வெடிப்பை இழுத்து வருபவர்கள் காலத்தைப் பார்ப்பதில்லை. அது கி.மு. 1600ஐ ஒட்டியோ அதற்குச் சற்றுப் பின்னோ நடந்தது. இரண்டாம் ராம்சேஸ் ஆண்டது 1279 முதல் 1213 வரை. பார்வோன் மக்களைப் போகவிடாததால் எகிப்தின் மேல் வந்ததாக வேதம் சொல்லும் பத்து வாதைகளை நைல் வெள்ளத்தோடு இணைத்து 1957இல் கிரேட்டா ஹோர்ட் எழுதிய விளக்கம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது: செந்நிற வண்டலும் நுண்ணுயிர்களும் நீரைச் சிவப்பாக்க, மீன் சாக, தவளை கரையேற, பூச்சி பெருக, நோய் பரவியது என்று. அழகான சங்கிலி. தலைப்பிள்ளைகளின் சாவில் வந்து அறுந்துவிடுகிறது. மூத்த பிள்ளையை மட்டும் தேடிப் பிடிக்கும் நோய் ஏது?

கடல் பிளந்த கதை கொஞ்சம் தேவலை. எபிரேய மூலத்தில் உள்ளது 'யாம் சூப்'. 'யாம்' கடல், 'சூப்' நாணல். குழந்தை மோசேயின் பெட்டியை வைத்த நாணலும் இதே 'சூப்'தான். கிரேக்கப் பெயர்ப்பாளர்கள் இதைச் சிவந்த கடல் ஆக்கினார்கள். நமக்குச் சிவந்த சமுத்திரம், செங்கடல் எல்லாம் அந்த வழியில் வந்தவை. டெல்டாவின் கிழக்கே நாணல் மண்டிய ஏரிகள் இருந்தன. இராமுழுதும் 'பலத்த கீழ்காற்று' வீசி நீர் ஒதுங்கியதாக வேதம் சொல்கிறது. கீழ்காற்று என்பது நம் ஊர்க் கொண்டல். 2010இல் கார்ல் ட்ரூஸும் வெய்சிங் ஹானும் கணினியில் கணக்கிட்டுப் பார்த்தார்கள். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் கிழக்குக் காற்று 12 மணி நேரம் வீசினால், அந்தக் காலத்து டெல்டா ஏரி ஒன்றில் ஏறக்குறைய இரண்டு மீட்டர் ஆழமுள்ள நீர் ஒதுங்கி, நான்கு மணி நேரம் சேற்றுத்தரை தெரியும் என்று கண்டார்கள். நடக்கக்கூடியது என்பதற்கு இது சான்று. நடந்தது என்பதற்கு அல்ல. 'யாம் சூப்' என்ற பெயரை வேதமே வேறோர் இடத்தில் அகாபா வளைகுடாவுக்கும் கொடுக்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அப்புறம், தமிழில் எந்தச் சொல்? 'வெளியேற்றம்' என்று பலர் எழுதுகிறார்கள். அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது: தானாக வெளியேறினாலும் வெளியேற்றம், பிறர் வெளியேற்றினாலும் வெளியேற்றம். இலங்கைத் தமிழில் இந்த வேறுபாடு கூர்மையாக இருக்கிறது. 1990இல் வட மாகாண முஸ்லிம்கள் விரட்டப்பட்டது 'வெளியேற்றம்'; 1995இல் வலிகாமத்து மக்கள் ஊர் ஊராகக் கிளம்பியது 'இடப்பெயர்வு'. ஆங்கிலத்தில் 'எக்சோடஸ்' என்று எழுதப்படுவது இந்த இரண்டாவதைத்தான். செய்தியில் வரும் 'மாஸ் எக்சோடஸ்' போன்றவற்றுக்குக் 'கூட்டம் கூட்டமாக வெளியேறினர்' என்று வினையாகவே எழுதிவிட்டால் குழப்பம் இல்லை.

நூலைச் சொல்லும்போது அவரவர் சபை வழக்குப்படி யாத்திராகமம் அல்லது விடுதலைப் பயணம் என்றே எழுதலாம். நிகழ்வைச் சொல்ல 'புறப்பாடு' என்பேன். புறம், படு என்ற அதன் உறுப்புகள் கிரேக்கச் சொல்லின் வெளி, வழி இரண்டுக்கும் கிட்டத்தில் நிற்கின்றன. சங்கீதத்திலும் 'எகிப்திலிருந்து புறப்பட்டபோது' என்றுதான் வருகிறது. சுவாமி புறப்பாடு நினைவுக்கு வருமே என்றால், 'எகிப்தியப் புறப்பாடு' என்று அடைசேர்த்துவிடலாம். இரண்டு பேர் போனாலும் புறப்பாடு, 20 லட்சம் பேர் போனாலும் புறப்பாடு. எத்தனை பேர் என்று சொல் முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிடாது.