ஸ்டாட்டின்: சொல்லும் பொருளும்

ரத்தத்தில் கொலஸ்ட்ராலைக் குறைக்கத் தரும் மருந்து வகை. வீட்டில் 'கொலஸ்ட்ரால் மாத்திரை' என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். அட்டையைத் திருப்பினால் அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் என்று இருக்கும். தலை மாறினாலும் வால் மாறாது.

'ஸ்டாட்' என்னும் கிரேக்க வேருக்கு நிற்பது, நிறுத்துவது என்று பொருள். 1973இல் ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ ஒரு பெனிசிலியப் பூஞ்சையிலிருந்து இவ்வகையின் முதல் பொருளைப் பிரித்தெடுத்தார். கல்லீரல் கொலஸ்ட்ராலைச் செய்யத் தேவையான ஒரு நொதியை அது தடுத்தது. 1987இல் லோவாஸ்டாட்டின் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. (வாய்ப்பூஞ்சைக்குத் தரும் நிஸ்டாட்டின் இந்தக் குடும்பம் இல்லை. அது நியூயார்க் மாநிலத்தின் பெயரிலிருந்து வந்தது!)

இதைச் சாப்பிட்டால் ஆண்மை போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆண்களின் பாலியல் வளர்ச்சிக்கு முக்கியமான ஹார்மோன் டெஸ்டோஸ்டிரோன். அந்தப் பெயருக்குள்ளேயே 'ஸ்டிரால்' இருக்கிறது. கொலஸ்ட்ராலின் பின்பாதியும் அதுதான். விந்தகங்களில் உள்ள லேடிக் செல்கள் கொலஸ்ட்ராலை மூலப்பொருளாக வைத்துத்தான் இந்த ஹார்மோனைச் செய்கின்றன. மூலப்பொருள் குறைந்தால் சரக்கும் குறையாதா?

குறைகிறது, கொஞ்சம். பல சோதனைகளைத் திரட்டி 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஸ்டாட்டின் எடுத்த ஆண்களிடம் டெஸ்டோஸ்டிரோன் சராசரியாக லிட்டருக்கு 0.66 நானோமோல் இறங்கியது தெரிந்தது. நம் ஊர் லேப் ரிப்போர்ட்டில் வரும் அலகில் சொன்னால், டெசிலிட்டருக்கு 19 நானோகிராம் அளவு. இயல்பான அளவே ஏறக்குறைய 300 முதல் 1000 வரை. ஒருவருக்கு 500 இருந்தது 480 ஆனால் அவருக்கு எதுவும் தெரியப்போவதில்லை. இளைஞர்களுக்குக் காலைக்கும் மாலைக்கும் இடையிலேயே இதைவிடப் பெரிய வித்தியாசம் வரும். அதனால்தான் காலையில் ரத்தம் எடுக்கச் சொல்கிறார்கள். ஸ்டாட்டின் முக்கியமாகக் கல்லீரலில் வேலை செய்கிறது. லேடிக் செல்கள் தமக்கு வேண்டியதைத் தாமே செய்துகொள்ளும், ரத்தத்திலிருந்தும் எடுத்துக்கொள்ளும். ஹார்மோன் இறங்கினால் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அந்தச் செல்களைக் கூடுதலாகத் தூண்டும். விறைப்புக் குறை உள்ளவர்களிடம் நடந்த சோதனைகளின் தொகுப்பில் சற்று முன்னேற்றமே தெரிந்தது; ரத்தக்குழாய் சீராவது காரணமாக இருக்கலாம்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'கொழுப்பு மாத்திரை' வாய்க்கு எளிது, ஆனால் கொலஸ்ட்ரால் எண்ணெய், நெய் போன்ற கொழுப்பு அல்ல. பித்தப்பைக் கல்லில் முதலில் கண்டதால், கிரேக்கத்தில் பித்தம், கெட்டி என்னும் இரு சொற்களைச் சேர்த்து வைத்த பெயர் அது. ஹார்மோனுக்கு 'இயக்குநீர்' என்ற சொல் இருக்கிறது. இலங்கைப் பாடநூல்களில் 'ஓமோன்'. டெஸ்டோஸ்டிரோனை 'ஆண்மை ஹார்மோன்' என்று எழுதுவது எனக்குப் பிடிப்பதில்லை. பெண்களுக்கும் சுரப்பது அது. போதாததற்கு இந்தப் பெயரே பயத்தைக் கிளப்புகிறது. ஸ்டாட்டினுக்கு 'நிறுத்தி' என்று வேரை அப்படியே பெயர்த்தால் மிகையாகிவிடும், கொலஸ்ட்ரால் ஆக்கம் முழுதாக நிற்பதில்லை. 'கொலஸ்ட்ரால் தணிப்பி' பொருந்தும். கட்டுரையில் முதலில் ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டு, அப்புறம் ஸ்டாட்டின் என்றே எழுதலாம். மருந்துச் சீட்டில் அந்தப் பெயர்தான் இருக்கும்.