பேஞ்சோவில் ஐந்தாம் தந்தி மட்டும் ஏன் குட்டை?

வட கரோலினாவின் மெபேன் ஊரில் பிடில் வாசித்த ஜோ தாம்சன் (1918–2012), அமெரிக்கக் கறுப்பின மக்களின் பழைய தந்தியிசை மரபைக் கடைசிவரை காத்தவர். அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் ஓடெல், தோல் போர்த்திய ஐந்து தந்திக் கருவியான பேஞ்சோ வாசித்தார். 2005 முதல் ரியானன் கிடென்ஸ், டோம் ஃபிளெமன்ஸ், ஜஸ்டின் ராபின்சன் மூவரும் ஜோவிடம் கற்று, கரோலினா சாக்லேட் டிராப்ஸ் குழுவாக மேடையேறினார்கள். இந்த இசையின் அழகு பிடிலும் பேஞ்சோவும் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புவதில் இருக்கிறது.

பிடிலில் வில் தந்தியைப் பற்றி இழுக்கும், நழுவவிடும், மறுபடி பற்றும். வில் ஓடும்வரை சுரம் நீளும். பேஞ்சோவிலோ அதிர்வு சுமார் 2 கிராம் எடையுள்ள குதிரை (தந்திகளைத் தாங்கி நிற்கும் சிறு துண்டு) வழியாக விறைப்பான மெல்லிய தோலுக்குப் பாய்கிறது. தோல் அகலமானது, கனமில்லாதது; கிடைத்த ஆற்றலைச் சட்டென்று காற்றுக்குக் கொடுத்துவிடும். அதனால் ஒலி உரக்கத் தெறித்து உடனே அடங்குகிறது. மெட்டைப் பிடில் இழுத்துச் செல்ல, தாளத்தைப் பேஞ்சோ ஏற்கிறது.

அந்தத் தாளத்தின் உயிர் ஐந்தாம் தந்தி. அது கழுத்தின் குறுக்கே பதித்த கட்டைகளில் (ஃபிரெட்) ஐந்தாவதன் அருகே தொடங்குவதால் முக்கால் நீளம்தான். முதல் தந்தி 294 ஹெர்ட்சில் அதிர்கிறது. அதே தடிமன், அதே இழுவிசை, முக்கால் நீளம் என்றால் அதிர்வெண் 4/3 மடங்காகி 392 ஹெர்ட்ஸ் வரும். ஐந்தாம் தந்திக்கு வைக்கும் ஜி சுருதிக்குத் தேவையானது அதுவேதான். இரண்டுக்கும் ஒரே தடிமன் கம்பி போடுவது இதனால்தான். செனகல், காம்பியாவின் ஜோலா மக்கள் வாசிக்கும் அகொன்டிங்கிலும் இந்தக் குட்டைத் தந்தி உண்டு. நகத்தால் கீழ்நோக்கி அடிக்கும் முறையும் உண்டு.

அடி இப்படி: முதல் எண்ணில் நகம் ஒரு தந்தியைத் தட்டும். இரண்டாம் எண்ணில் நகம் தந்திகளை வருடி இறங்கும். அப்போதே கட்டைவிரல் ஐந்தாம் தந்தியில் அமர்ந்திருக்க வேண்டும், அரை எண் கழித்து அதை விடுவிக்கும். கட்டைவிரல் பிந்தி வந்தால் தாளம் நொண்டும். விரலைச் சொடுக்கினாலும் கெடும். அசைவு மணிக்கட்டிலிருந்து வரட்டும், விரல் மடங்கியே இருக்கட்டும்.

குதிரை ஒட்டப்பட்டதல்ல, தந்திகளின் அழுத்தத்தில் நிற்பது, எளிதில் நகரும். அதன் இடம் சரியா என்று இப்படிப் பார்க்கலாம்: பன்னிரண்டாம் கட்டை மேல் லேசாகத் தொட்டு மீட்டிய சுரமும், அங்கேயே அழுத்தி மீட்டிய சுரமும் ஒன்றாக ஒலிக்க வேண்டும். அழுத்தியது ஏறி ஒலித்தால் குதிரையைக் கழுத்திலிருந்து விலக்குங்கள், இறங்கினால் கழுத்துப் பக்கம் தள்ளுங்கள். தோல் போட்ட கருவியில் ஈரக்காற்று வேறு சோதிக்கும்: தோல் தளர, குதிரை அமிழ, தந்திகள் கட்டைகளில் உரசி இரையும். பிளாஸ்டிக் பரப்புக்கு அந்தத் தொல்லை கிடையாது.