காப்புறுதி: பல்லுக்கு எது உறுதி, எது ஈடு?

முறுக்கைக் கடித்தபோது அம்மாவின் கடைவாய்ப் பல் ஒன்று பாதியாக உடைந்துவிட்டது. சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் பல் மருந்தகத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த மருத்துவர், வேர் சிகிச்சை செய்து மேலே உறை போட வேண்டும் என்றார். கட்டண மதிப்பீட்டுத் தாளில் தொகை 1,000 வெள்ளியைத் தாண்டியிருந்தது. அம்மா அதை இரண்டு முறை படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நமக்குத்தான் அரசாங்கக் காப்புறுதி இருக்கிறதே, தம்பி. பல்லுக்கும் உறுதிதானே?"

அப்படிக் கேட்டதில் அம்மாவின் பிழை எதுவும் இல்லை. இன்சூரன்ஸுக்கு நாங்கள் சொல்லும் காப்புறுதி என்ற சொல்லைக் காதால் கேட்கும் யாருக்கும் அந்த நம்பிக்கைதான் வரும்.

காப்பு என்பது கா என்னும் வேரிலிருந்து வந்தது. சௌத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் தீமிதிக்கு நேர்ந்துகொள்கிறவர்கள் கையில் கட்டிக்கொள்வது காப்பு. குழந்தையின் கையில் போடும் வளையும் காப்பு. பழைய நூல்களின் தொடக்கத்தில், எடுத்த காரியம் தடையில்லாமல் முடிய வேண்டும் என்று பாடி வைக்கும் செய்யுளும் காப்புதான். எல்லாவற்றிலும் கருத்து ஒன்றே: தீங்கு வருமுன் தடுப்பது. உறுதி என்பது திடம், நிச்சயம், வாக்கு. இலங்கைத் தமிழில் இதற்கு இன்னொரு பொருளும் உண்டு. காணி உறுதி என்றால் அங்கே நிலப் பத்திரம். இந்தப் பொருளை மனத்தில் வைத்துப் பார்த்தால் காப்புறுதி என்ற சொல் தெளிவாகிறது. அது காப்புக்காக எழுதிக்கொண்ட பத்திரம், இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய மூன்று நாட்டு வழக்கிலும் நிலைத்துவிட்ட சொல் இது.

தமிழ்நாட்டில் இதையே காப்பீடு என்கிறார்கள். அங்கே ஆயுள் காப்பீட்டுக் கழகம் என்ற பெயரைத் தெரியாதவர் இல்லை. காப்பு, ஈடு என்று பிரித்தால் இரண்டாவது பாதியில்தான் உண்மை உட்கார்ந்திருக்கிறது. ஈடு என்றால் சமம், ஒன்றுக்குப் பதிலாக வைப்பது. ஈடு இணை, ஈடுகட்டுதல், இழப்பீடு, நட்ட ஈடு என எங்கே வந்தாலும் அங்கே ஒரு தராசு இருக்கிறது. ஒரு தட்டில் இழப்பு, மறு தட்டில் பணம். பல் உடையாது என்று காப்பீடு வாக்களிக்கவில்லை. உடைந்தபின் இவ்வளவு தருகிறேன் என்கிறது, அதற்கும் ஓர் அளவு வைத்துக்கொள்கிறது. இன்சூரன்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லைத் தோண்டினால் பிரெஞ்சு வழியாக லத்தீனின் செக்கூருஸ் வரை போகலாம். 'கவலையற்ற' என்பது அதன் பொருள். நம் ஈடு என்ற சொல் அதைவிட நேர்மையானது என்பது என் கருத்து.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். அவர் மனத்தில் இருந்தது மெடிஷீல்டு லைஃப். 2015 நவம்பரில் பழைய மெடிஷீல்டுக்குப் பதிலாக வந்த இந்தத் திட்டம், குடிமக்கள், நிரந்தரவாசிகள் அனைவருக்கும் ஆயுள் முழுவதும் உண்டு. ஆனால் அது பெரிய மருத்துவமனைக் கட்டணங்களுக்கானது. பல் சிகிச்சை அதில் விலக்கப்பட்டிருக்கிறது. விபத்தில் ஏற்பட்ட காயத்துக்கு மட்டும்தான் இடம் உண்டு. முறுக்கு விபத்தில் சேராது.

அடுத்து மெடிசேவ். அது காப்புறுதியே அன்று, மத்திய சேம நிதியில் மருத்துவச் செலவுக்கென்று நம் பெயரில் இருக்கும் நம் சேமிப்பு. ஞானப்பல்லை அறுத்து எடுப்பது, செயற்கை வேர் பதிப்பது போன்ற அறுவைச் சிகிச்சைகளுக்கு அதிலிருந்து எடுக்கலாம், பல்லைச் சுத்தம் செய்வதற்கு முடியாது. அரசின் சமூகச் சுகாதார உதவித் திட்டத்தின் கீழ் கிடைக்கும் சாஸ் அட்டை தருவது மானியம். மானியம் என்பது ஒரு காலத்தில் கோயிலுக்கும் புலவருக்கும் வரி நீக்கிக் கொடுத்த நிலம். இன்று அரசு ஏற்றுக்கொள்ளும் பங்கு. 1950 முதல் 1959 வரை பிறந்த மெர்டேக்கா தலைமுறையைச் சேர்ந்தவர் என்பதால், வேர் சிகிச்சைக்கும் உறைக்கும் அம்மாவுக்கு அது உண்டு. எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு, ஆண்டுக்கு எத்தனை முறை என்ற கணக்கோடுதான் வரும்.

பல்லுக்கென்று உள்ள காப்புறுதி பெரும்பாலும் வேலையிடத்தின் வழியே வருகிறது. எங்கள் அலுவலகத் திட்டத்தில் ஆண்டுக்கு 300 வெள்ளி. முதலில் நாம் கட்ட வேண்டும், பிறகு கேட்டுப் பெற வேண்டும். அப்படிக் கேட்பதை இங்கே எல்லோரும் கிளெய்ம் என்கிறோம். லத்தீனில் கூவுதல் என்ற பொருளுள்ள கிளாமாரே என்ற சொல்லின் வழிவந்தது அது. தமிழில் கோருதல், பெயராக்கினால் கோரிக்கை. பிரீமியத்துக்கு இங்குள்ள செய்தித்தாள்களில் சந்தா என்று எழுதுகிறார்கள், அதுவே போதும்.

கோரிக்கையில் நானே ஒரு முறை அடிபட்டிருக்கிறேன். சென்ற ஆண்டு ஸ்கேலிங் செய்துகொண்டு 120 வெள்ளி கட்டினேன். ஸ்கேலிங்குக்குக் காரை நீக்கம் என்பது பொருத்தமான தமிழ். சுவரில் பூசும் காரை போலவே பல்லில் இறுகிப் படிவதைச் சுரண்டி எடுக்கிறார்கள். நான் வாங்கி வந்த ரசீதில் 'சிகிச்சை' என்ற ஒரு சொல்லும் தொகையும் மட்டுமே இருந்தன. கோரிக்கை திரும்பி வந்துவிட்டது. என்ன செய்தார்கள், எந்தப் பல்லில், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று பிரித்து எழுதிய ரசீதை மறுபடி போய் வாங்கிக் கொடுத்த பிறகே பணம் வந்தது. ஆகவே கட்டணம் கட்டும் இடத்திலேயே இப்படிப் பிரித்து எழுதிய ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தைக் காப்புறுதி என்றே சொல்வோம், இங்கே வேரூன்றிய சொல் அது. ஆனால் அந்த ஒப்பந்தம் தரும் பணத்தை ஈட்டுத்தொகை என்று சொல்லிப் பழகினால் நல்லது என்று நினைக்கிறேன். எனக்குக் காப்புறுதி இருக்கிறதா என்று கேட்டால் ஆம், இல்லை என்ற பதில்தான் கிடைக்கும். ஈட்டுத்தொகை எவ்வளவு என்று கேட்டால் எண் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

இதையெல்லாம் மருந்தக நாற்காலியில் உட்கார்ந்தபடியே அம்மாவுக்குச் சொன்னேன். அவர் பையிலிருந்து பேனாவை எடுத்து, மதிப்பீட்டுத் தாளின் பின்பக்கத்தில் மூன்று கட்டங்கள் போட்டார். மானியம், ஈடு, கையிலிருந்து. முகப்பில் இருந்த பெண்ணிடம் மானியத் தொகையைக் கேட்டு எழுதினார். ஈட்டுக்குக் கீழே ஒரு கோடு இழுத்தார். மூன்றாவது கட்டத்தை நிரப்பிவிட்டு, அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு நேரம் வாங்கிக்கொண்டார்.