புள்ளி வைத்தால் பழங்குடி ஓவியம் ஆகிவிடாது

ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் வரலாற்றையும் பண்பாட்டையும் கொண்டாடும் நெய்டாக் வாரம் ஜூலையில் வருகிறது. விக்டோரியாவில் அது பெரும்பாலும் பள்ளி விடுமுறையில் விழுவதால், ஜூனிலேயே எனக்கு ஆசிரியர்களிடமிருந்து அழைப்புகள் தொடங்கிவிடும். "ஒரே பீரியடில் முடிகிற மாதிரி டாட் பெயின்டிங் ஒர்க்‌ஷீட் இருக்கிறதா?" இந்த முறை மெல்பர்னில் ஒரு வகுப்புச் சுவர் முழுக்க ஆமை, கங்காரு, பல்லி. எல்லாம் காது குடையும் பஞ்சுக்குச்சியால் வைத்த புள்ளிகள். யாருடைய ஓவியத்தைப் பார்த்துச் செய்தீர்கள் என்று கேட்டேன். ஆசிரியரால் ஒரு பெயர்கூடச் சொல்ல முடியவில்லை.

ஆசிரியர்களே, புள்ளி ஓவியம் ஆஸ்திரேலியப் பழங்குடிகள் எல்லோருக்கும் பொதுவானது அல்ல. 250க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்பட்ட கண்டம் இது. இன்று கேன்வாஸில் பார்க்கும் பாலைவனப் புள்ளி ஓவியம் 1971இல் மத்திய ஆஸ்திரேலியாவின் பபுன்யாவில் தொடங்கியது. அங்கே ஜெஃப்ரி பார்டன் என்ற பள்ளி ஆசிரியர் ஊக்கம் கொடுக்க, பெரியவர்கள் பலகைகளில் வரைந்தார்கள். அதுவரை மணலிலும் உடம்பிலும் சடங்குக்காக இட்ட கோலங்கள் அவை. வெளியார் பார்க்கக் கூடாத சில குறிகளை மறைக்கவும் புள்ளிகள் பயன்பட்டன. வடக்கே ஆர்ன்ஹெம் லாண்டுக்குப் போனால் மரப்பட்டையில் மெல்லிய குறுக்குக்கோடுகள். வடமேற்கே கிம்பர்லியில் வாண்ட்ஜினா என்ற மழை ஆவிகளின் வாயில்லா முகங்கள் வொரோரா, ஙரின்யின், வுனம்பல் மக்களுக்கு உரியவை. அவற்றைப் பிள்ளைகளை வரையச் சொல்லவே சொல்லாதீர்கள்.

மெல்பர்னின் பல பகுதிகள் வுருஞ்ஜெரி மக்களின் மண். 1903இல் மறைந்த அவர்களுடைய தலைவர் வில்லியம் பராக்கின் ஓவியங்களைப் பாருங்கள். போஸம் (possum) என்ற சிறு விலங்கின் தோல் போர்வை போர்த்திய மனிதர்கள் வரிசையாக நிற்பார்கள். போர்வைகளில் பட்டைக்கோடு, நெளிகோடு, கட்டம். பள்ளி நிற்கும் மண்ணிலேயே இது இருக்க, பாலைவனத்துப் புள்ளிக்கு ஏன் போகிறீர்கள்?

இந்த வடிவங்களுக்கு உரிமையாளர்கள் உண்டு. பழங்குடிக் கலைஞர் பண்டுக் மரிகா முதலியோரின் ஓவியங்களை அனுமதியின்றிக் கம்பளத்தில் நெய்து விற்ற வழக்கில் 1994இல் நீதிமன்றம் கலைஞர்கள் பக்கம் நின்றது. குலத்தின் புனிதக் கதை, மிதிக்கும் கம்பளமாகிவிட்டது. அதற்குக் கலைஞரே தன் குலத்தாருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வகுப்பறை கடை அல்லதான். ஆனாலும் கேட்காமல் எடுக்கும் பழக்கத்தைப் பிள்ளை அங்கேதான் கற்றுக்கொள்கிறது.

ஒரே ஒரு கலைஞரை எடுங்கள். பெயர், மக்கள், ஊர் மூன்றையும் பலகையில் எழுதுங்கள். அவர் எதைப் பற்றி வரைகிறார், ஏன் வரைகிறார் என்று பேசுங்கள். பிறகு பிள்ளை தன் தெருவை, தன் பாட்டி வீட்டைத் தன் கோட்டில் வரையட்டும். கலைஞருடைய குறிகளைக் கடன் வாங்க வேண்டாம். மறைந்தவரின் படமோ பெயரோ பழங்குடி மக்கள் பலருக்குத் துயரம் தரும், காட்டும் முன் எச்சரித்துவிடுங்கள். வகுப்பிலுள்ள பழங்குடிப் பிள்ளையை எழுப்பி, "நீ சொல்லு" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அதுவும் கற்க வந்த பிள்ளைதான். உள்ளூர்க் கலைஞரை அழைத்தால் முன்கூட்டியே அழையுங்கள், கட்டணமும் கொடுங்கள். ஸ்டேஷனரிக்கு ஒதுக்கும் பணத்தில் இதற்கும் ஒரு பங்கு வைக்கும்படி பள்ளி முதல்வரிடம் பிப்ரவரியிலேயே கேளுங்கள். ஜூனில் கேட்டால் கிடைக்காது.