மலேரியாக் கிருமி படியெடுக்கும் மரபணு

விரல்நுனியில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தம் வடிதாளில் பொட்டாகப் படிந்து காய்கிறது. கம்போடியாவிலும் தாய்லாந்து–மியான்மர் எல்லையிலும் மலேரியா நோயாளிகளிடம் இப்படிச் சேகரித்த தாள்கள் ஆய்வகத்துக்குப் போகின்றன. அங்கே செய்வது எண்ணும் வேலை: கிருமியிடம் குறிப்பிட்ட ஒரு மரபணு எத்தனை படிகள் (நகல்கள்) இருக்கின்றன?

மருந்துக்கு அடங்காத கிருமி என்றதும், மரபணுவில் ஏதோ ஓர் எழுத்து மாறியிருக்கும் என்றே நினைப்போம். பல நேரங்களில் அது சரிதான். ஆனால் பிளாஸ்மோடியம் ஃபால்சிபேரம் என்ற மலேரியாக் கிருமி, தன்னிடம் இருக்கும் மரபணுவை அப்படியே இரண்டாக, மூன்றாக அடுக்கிக்கொண்டும் தப்பிவிடுகிறது. படி கூடினால் அதிலிருந்து உருவாகும் ஆர்என்ஏ கூடும். கூடவே புரதமும் கூடும்.

இந்தக் கிருமியின் டிஎன்ஏவில் சுமார் 80 விழுக்காடு ஏ, டி என்ற இரண்டே எழுத்துகள். ஒரே எழுத்து விடாமல் நீளும் இடங்கள் ஏராளம். அறுந்த இழையை ஒட்டும்போது, சேர வேண்டிய இடத்தை விட்டு, அதைப் போலவே இருக்கும் வேறோர் இடத்தில் முனை போய் ஒட்டிக்கொள்கிறது. ஓலைச்சுவடியைப் படியெடுப்பவரின் கண், ஒரே சொல்லில் முடியும் மேல்வரிக்குத் தாவினால், எழுதிய அடியையே மறுபடி எழுதிவிடுவார் அல்லவா? அப்படித்தான் இடைப்பட்ட மரபணு இரட்டிக்கிறது. ஒரு நோயாளியின் உடலில் கிருமிகள் கோடிக்கணக்கில் பெருகுகின்றன. இந்தப் பிழை நேர்ந்த கிருமி ஒன்றிருந்தால் போதும். மற்றவற்றை மருந்து கொன்றுவிட, அது பெருகுகிறது.

மெஃப்ளோகுயின் மருந்து தென்கிழக்கு ஆசியாவில் தோற்றதற்கு முக்கியக் காரணம், 5ஆம் குரோமோசோமில் உள்ள எம்டிஆர்1 மரபணு இப்படிப் பெருகியதுதான். அதன் புரதம், கிருமி ஹீமோகுளோபினைச் செரிக்கும் பையின் சுவரில் இருக்கிறது. மருந்தை இழுத்துப் பைக்குள் அடைத்துவிடுகிறது. மருந்து தாக்க வேண்டிய இடமோ பைக்கு வெளியே. ஆனால் இந்தக் கூடுதல் படி கிருமிக்குச் சுமையும்கூட. மருந்து இல்லாத சூழலில், ஒற்றைப் படி உள்ள கிருமிகளோடு போட்டியிட்டால் பின்தங்கிவிடுகிறது.

கம்போடியாவில் இதைக் கண்கூடாகப் பார்த்தார்கள். மெஃப்ளோகுயினைக் கைவிட்டு பைப்பெராகுயினுக்கு மாறியதும் எம்டிஆர்1 படிகள் குறைந்தன. அதற்குப் பதிலாக 14ஆம் குரோமோசோமில் பிளாஸ்மெப்சின் 2, 3 என்ற மரபணுக்கள் இரட்டித்தன. ஹீமோகுளோபினை வெட்டும் நொதிகள் அவை. ஆய்வகத்தில் அந்த மரபணுக்களை நீக்கிப் பார்த்தபோது கிருமி பைப்பெராகுயினுக்கு எளிதில் பலியானது.

இரண்டு மரபணுக் கூட்டங்களும் ஒரே கிருமியில் சேர்ந்து பெருகியிருப்பது அபூர்வம். எனக்கு இதில் பெரும் நம்பிக்கை தருவது இந்த ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டே ஆர்ட்டிமிசினின் வகை மருந்தோடு மெஃப்ளோகுயின், பைப்பெராகுயின் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துச் சோதித்தார்கள். 2020இல் வெளியான முடிவுகளில், ஆர்ட்டிமிசினின் வகை மருந்தும் பைப்பெராகுயினும் மட்டும் சேர்ந்த பழைய இருமருந்துச் சிகிச்சை பாதிக்கு மேல் தோற்றுப்போன இடங்களிலும் இந்த மும்மருந்து பெரும்பாலானோரைக் குணப்படுத்தியிருந்தது.