தொட்டி மீனை ஓடையில் விடாதீர்கள்

குன்னூரில் 15 வருடமாக வண்ணமீன் கடை வைத்திருக்கிறேன். பக்கத்து வெலிங்டன் ராணுவ முகாமிலிருந்து மாற்றலாகிப் போகும் குடும்பங்கள் காலித் தொட்டியை விற்க வருவார்கள். மீன் எங்கே என்று கேட்டால், "பாவம் அண்ணா, கொல்ல மனசு வரல, ஓடையில விட்டுட்டோம்" என்பார்கள். இந்தக் குளிரில் அது எங்கே பிழைக்கப் போகிறது என்று தொடக்கத்தில் நானும் பேசாமல் இருந்தேன். அது தவறு.

தங்கமீனுக்குக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. அது கெண்டைக் குடும்பம். 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்ட சாதாக் கெண்டை இன்றும் மலை ஏரிகளில் சேற்றைக் கிளறிக்கொண்டிருக்கிறது. தங்கமீனும் அப்படித்தான் மேயும். தண்ணீர் கலங்கும், நீர்ச்செடி நிற்காது.

குளிர் தாங்காத மீனுக்கும் வழி இருக்கிறது. குன்னூர் ஆறு மேட்டுப்பாளையம் பக்கம் பவானியில் சேர்கிறது. பைக்காரா ஆற்றுத் தண்ணீர் மாயாறாகி பவானிசாகர் அணைக்குப் போகிறது. உயிரோடு கீழே போய்ச் சேர்ந்தால் வெதுவெதுப்பான தண்ணீர்.

"தொட்டியைச் சுத்தம் பண்ணும்" என்று கேட்டு வாங்கும் சக்கர் மீன்தான் என் பெரிய கவலை. வாங்கும்போது விரல் நீளம், வளர்ந்தால் ஒன்றரை அடி. தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. உடம்பெல்லாம் எலும்புத் தகடு, அதனால் நம் ஆற்று மீன்கள் அதைச் சுலபமாகத் தின்ன முடியாது. தண்ணீர் கெட்டுப்போனால் மேலே வந்து காற்றை விழுங்கிச் சமாளிக்கும். கரையில் வளை தோண்டி முட்டையிடும், கரை சரியும். பாறைப் பாசியை மேயும் நம் சிறு மீன்களின் தீனியையும் இது தின்னும். சமவெளி ஏரிகளில் மீனவர் வலையைக் கிழிக்கிறது, சந்தையில் வாங்க ஆளில்லை. இரண்டு வருடமாக நான் இதை விற்பதில்லை.

கப்பி மீன் சின்னதுதானே என்பார்கள். ஒருமுறை இணைந்த பெண் கப்பி, அப்புறம் ஆணே இல்லாமல் மாதக்கணக்கில் குஞ்சு போடும். தொட்டித் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டும்போது அந்தக் குஞ்சு கண்ணுக்கே தெரியாது. அந்தத் தண்ணீரை ரோஜாச் செடிக்கு ஊற்றுங்கள், நல்ல உரம். நீர்ச்செடியை வெயிலில் சருகாகக் காயவைத்துப் போடுங்கள், அதில் முட்டை ஒட்டியிருக்கும்.

தூண்டில் போடுகிறவர்களும் இரைக்குக் கொண்டுபோன சிறு மீன்களில் மிஞ்சியதை வேறு அணையில் கொட்டாதீர்கள். ஜிலேபிக் கெண்டை முட்டையை வாயிலேயே வைத்து அடைகாக்கும். மிஞ்சியதில் அப்படி ஒரு தாய் இருந்தால் போதும், அந்த அணையிலும் பெருகிவிடும்.

வளர்க்க முடியவில்லையா, என் கடைக்குக் கொண்டுவாருங்கள். எந்தக் கடையில் வாங்கியிருந்தாலும் சரி, காசு வேண்டாம். சக்கருக்கென்றே பின்னால் ஒரு சிமென்ட் தொட்டி கட்டியிருக்கிறேன். இப்போது அதில் நான்கு இருக்கின்றன, இன்னும் இடம் இருக்கிறது.